முழங்கால் தேய்மானம்: வைட்டமின் மாத்திரை தடுக்குமா?

நடவும் களையெடுப்பும் முடிந்த கையோடு கிராமத்து மருந்துக் கடைகளில் ஒரு சரக்கு நன்றாக விலை போகிறது. அது முழங்கால் வலிக்கென்று வாங்கப்படும் வைட்டமின் மாத்திரை. டப்பாவின் மேல் வழவழப்பான மூட்டு ஒன்றின் படம் இருக்கும். எலும்புக்கும் மூட்டுக்கும் பலம் தரும் என்று எழுதியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயியும், நடவுக்குப் போகும் அவர் மனைவியும் அதை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்குவோர் உண்டு. கடைக்காரர் சொல்லி வாங்குவோரும், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதைப் பார்த்து வாங்குவோரும் உண்டு.

இந்தச் செலவு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆகிறது. 2019-ம் ஆண்டில் பி.எம். கிசான் திட்டம் தொடங்கியபோது ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3 தவணையாக அறிவிக்கப்பட்ட தொகையும் இதே 6,000 ரூபாய்தான். விதைக்கும் உரத்துக்கும் உதவட்டும் என்று வரும் பணம் மாத்திரை டப்பாவுக்குப் போகுமானால், அந்த மாத்திரை என்ன வேலை செய்கிறது என்று கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.

இந்தக் கேள்விக்குக் கடந்த சுமார் 30 ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சி தெளிவான பதில் தந்திருக்கிறது. உடம்பில் ஒரு சத்து குறைந்திருந்தால் அதை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் முழங்கால் தேய்மானம் மேலும் முற்றாமல் நிறுத்தும் என்று நம்பி வைட்டமின் மாத்திரை வாங்குவது வீண் செலவு. அந்தப் பணமும் கவனமும் முழங்கால் மேல் விழும் பாரத்தைக் குறைக்கவும், முழங்காலைத் தாங்கும் தசையை வளர்க்கவும் போக வேண்டும்.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். இரண்டு எலும்புகளின் முனையிலும் குருத்தெலும்பு படிந்திருக்கிறது. எலும்போடு எலும்பு உரசாமல் காப்பதும், நடக்கும்போது விழும் அதிர்ச்சியைத் தாங்குவதும் அதன் வேலை. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. காலில் பாரம் ஏறும்போது ஈரத்துணியைப் பிழிந்தது போல அதிலிருந்து நீர் வெளியேறுகிறது. பாரம் நீங்கியதும் நீரை மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. அளவான நடை மூட்டுக்கு நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குருத்தெலும்பு நாளடைவில் மெலிந்து, சொரசொரப்பாகி, வெடிப்பு விடுவதைத்தான் தேய்மானம் என்கிறார்கள். ஆனால் மாட்டு வண்டியின் அச்சு தேய்வது போன்ற சாதாரணத் தேய்மானம் அல்ல இது. எலும்பின் ஓரங்களில் முள் போல வளர்ச்சி உண்டாகிறது. மூட்டின் உட்சவ்வு வீங்கி நீர் கோத்துக்கொள்கிறது. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருப்பதால் தொடைத் தசை இளைக்கிறது. தசை இளைத்தால் மூட்டின் மேல் பாரம் இன்னும் கூடுகிறது.

வயது, பரம்பரை, உடல் எடை, முன்பு பட்ட அடி, செய்யும் வேலை ஆகிய எல்லாம் இதற்குக் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளரச் செய்யும் மாத்திரை எதுவும் இன்று வரை இல்லை.

நம்பிக்கை பிறந்த இடம்

வைட்டமின் மேல் இந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இதய நோயின் காரணங்களை அறிவதற்காக அந்த ஊர் மக்களின் உடல்நலத்தை 1948-ம் ஆண்டு முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அவர்களில் பலருக்கு முழங்காலையும் பல ஆண்டு இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

1996-ம் ஆண்டில் இதிலிருந்து இரண்டு முடிவுகள் வெளியாயின. 556 பேரைப் பார்த்ததில், ரத்தத்திலும் உணவிலும் வைட்டமின் டி குறைந்திருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் சுமார் 3 மடங்கு அதிகமாக முற்றியிருந்தது. 640 பேரைப் பார்த்ததில், உணவில் வைட்டமின் சி நிறையச் சேர்த்தவர்களுக்குத் தேய்மானம் முற்றுவது சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

செய்தி உலகெங்கும் பரவியது. குறைந்தவர்களுக்குத் தேய்கிறது என்றால், சேர்த்துக் கொடுத்தால் தேய்வது நிற்கும் என்று பலர் நினைத்தார்கள். மாத்திரை விற்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இந்த நினைப்பில் ஒரு பழுது இருக்கிறது.

நன்றாக விளைந்த வீட்டில் பெரிய வைக்கோல் போர் இருக்கும். விளைச்சல் இல்லாத வீட்டில் போர் சிறிதாக இருக்கும். அதற்காக, பத்து வண்டி வைக்கோலை விலைக்கு வாங்கிப் போர் போட்டால் அடுத்த போகத்தில் வயல் அதிகமாக விளையுமா? முழங்காலும் அப்படித்தான். வெளியில் நடமாடி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, உடல் கட்டோடு இருப்பவருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அதிகமாக இருக்கலாம். முழங்கால் வலியால் வீட்டோடு முடங்கியவருக்கு வெயில் படாமல் அந்தச் சத்து குறைந்திருக்கலாம். சத்துக் குறைவும் தேய்மானமும் ஒரே ஆளிடம் இருப்பதை வைத்துக்கொண்டு, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஃபிரேமிங்ஹாம் ஆராய்ச்சி ஒரு கேள்வியை எழுப்பியது. பதில் சொல்ல வேறு வகையான சோதனை வேண்டியிருந்தது.

மருந்து போட்ட பாத்தி, போடாத பாத்தி

ஆராய்ச்சிப் பண்ணையில் புதிய உரத்தைச் சோதிக்கும்போது ஒரே வயலைப் பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். சில பாத்திகளுக்கு உரம் போட்டு, சிலவற்றுக்குப் போடாமல் விடுகிறார்கள். விதை, தண்ணீர், களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. அறுவடையில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் உரத்தின் வேலை தெரிந்துவிடும்.

மருத்துவத்திலும் இதே முறைதான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் மாத்திரை. மற்றதற்குப் பார்வைக்கு அதே போல இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது கிடைத்தது என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது. பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது.

பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 146 பேரை இப்படிப் பிரித்து 2 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி தொடங்கி, ரத்தத்தில் அளவு போதாதவர்களுக்கு மேலும் கூட்டிக் கொடுத்தார்கள். 2013-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. இரண்டு பிரிவிலும் குருத்தெலும்பு ஏறக்குறைய ஒரே அளவாக, சுமார் 4 சதவீதம் குறைந்திருந்தது. வலியிலும் இரண்டு பிரிவுக்கும் நம்பத்தகுந்த வேறுபாடு இல்லை.

இந்தச் சத்து ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் பயன் தெரியுமோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவிலும் மெல்போர்னிலும் வைட்டமின் டி குறைந்த 413 முழங்கால் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவுக்கு மாதம் ஒரு முறை 50,000 யூனிட் வீதம் 2 ஆண்டுகள் கொடுத்தார்கள். 2016-ம் ஆண்டில் வந்த முடிவும் அதுவே. குருத்தெலும்பு குறைவதையும் வலியையும் மாத்திரை தடுத்ததாக நிரூபணம் ஆகவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த முடிவில், 474 பேருக்கு 3 ஆண்டுகள் சோதித்தும் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகுவது மட்டுப்படவில்லை. அமெரிக்காவில் நாள்பட்ட முழங்கால் வலி உள்ள 1,398 பேரை 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த சோதனை 2020-ம் ஆண்டில் வெளியானது. தினம் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லக்னோவில் சுமார் 100 பேரை ஓராண்டு கவனித்து 2013-ம் ஆண்டில் வெளியான சோதனையில், வைட்டமின் டி குறைந்த முழங்கால் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்ததில் வலி சிறிதளவு குறைந்தது. இந்திய நோயாளிகளைப் பற்றியது என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது சிறிய சோதனை. கிடைத்த நிவாரணமும் சிறியது. இதை வைத்துக்கொண்டு தேய்மானம் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சோதனைகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

சி, ஈ, குளுக்கோசமின்

வைட்டமின் ஈ பற்றியும் சோதித்தாகிவிட்டது. மெல்போர்னில் 138 பேரை 2 ஆண்டுகள் கவனித்தார்கள். 2002-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, தினம் 500 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கும் குருத்தெலும்பு மற்றவர்களைப் போலவே குறைந்தது.

வைட்டமின் சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கையே கிடைத்திருக்கிறது. மனிதனைப் போலவே கினிப்பன்றியும் தன் உடம்பில் வைட்டமின் சி தயாரித்துக்கொள்ள முடியாத பிராணி. அதற்கும் வயதானால் முழங்கால் தேய்மானம் தானாக வருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கினிப்பன்றிகளுக்குக் குறைந்த அளவு, நடுத்தர அளவு, அதிக அளவு என்று மூன்று விதமாக வைட்டமின் சி கொடுத்து 8 மாதம் வளர்த்தார்கள். அதிக அளவு பெற்றவற்றுக்குத்தான் முழங்கால் தேய்மானம் அதிகமாக முற்றியிருந்தது. 2004-ம் ஆண்டில் வந்த இந்த முடிவு பிராணிகளைப் பற்றியது. மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் நல்ல சத்துதானே, அதிகமாகப் போனால் என்ன என்ற எண்ணம் தவறு என்பதை இது காட்டுகிறது. அன்றாடத் தேவைக்குரிய வைட்டமின் சி ஒரு கொய்யாப்பழத்திலோ நெல்லிக்காயிலோ கிடைத்துவிடும். கொல்லையில் கிடைப்பதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வைட்டமினோடு குளுக்கோசமின், காண்ட்ராய்ட்டின் என்ற பொருள்களைச் சேர்த்து, விலை கூடிய மாத்திரையாகவும் விற்கிறார்கள். அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளுக்கு இவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ம் ஆண்டில் வெளியான முடிவில், நோயாளிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால், வெறும் மாத்திரையைக் காட்டிலும் இவை மேலான பயன் தரவில்லை.

சாப்பிட்டதும் வலி குறைகிறதே!

இவ்வளவு சொன்ன பிறகும், மாத்திரை சாப்பிட்டதும் தமக்கு வலி குறைந்தது என்று சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி குறைந்தது உண்மை. மாத்திரையால் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

முழங்கால் வலி ஒரே சீராக இருப்பதில்லை. ஏறும், இறங்கும். நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு சமயத்தில் ஏறுகிறது. வேலை ஓய்ந்ததும் தணிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்துக் கடைக்குப் போகிறார். அதன் பிறகு அது எப்படியும் சற்று இறங்கத்தான் செய்யும். பயிருக்கு மருந்தடித்த அன்று இரவே பெருமழை பெய்து அசுவினியை அடித்துக்கொண்டு போனால், பாராட்டு மருந்துக்குத்தான் கிடைக்கிறது. மருந்தடிக்காத பக்கத்து வயலையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். பாஸ்டன் சோதனையில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி குறைந்தது என்பதை மறக்கக்கூடாது.

குறை இருந்தால் நிரப்ப வேண்டும்

இதைப் படித்துவிட்டு வைட்டமின் டி வேண்டாத பொருள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எலும்பு சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி அவசியம். அது மிகவும் குறைந்தால் குழந்தைகளுக்குக் கால் வளைகிறது. பெரியவர்களுக்கு எலும்பு மிருதுவாகி உடம்பெங்கும் வலிக்கிறது. தசை பலம் இழந்து, தரையிலிருந்து எழுவதே சிரமமாகிறது. வயலில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் குறை வராது என்பதும் சரியல்ல. 2007-ம் ஆண்டில் வெளியான திருப்பதி வட்டார ஆய்வில், நகரத்தாரைவிடக் கிராமத்தார் நிலைமை மேலாக இருந்தாலும், கிராமத்தாரிடமும் குறை காணப்பட்டது. வயதானால் தோல் இந்தச் சத்தை உண்டாக்கும் திறன் குறைகிறது. இளங்காலை வெயிலும் அந்திவெயிலும் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. முற்பகல் 11 மணி முதல் 2 மணி வரை உள்ள வெயிலில்தான் அதிகம் உண்டாகிறது.

நெல் வயலில் துத்தநாகக் குறை இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடுகிறார்கள்; பயிர் தெளிகிறது. குறை இல்லாத வயலில் மேலும் மேலும் போடுவதால் விளைச்சல் கூடுவதில்லை. துத்தநாகம் போட்டால் குருத்துப்பூச்சி ஒழியும் என்று எந்த விவசாயியும் எதிர்பார்ப்பதும் இல்லை. அது வேறு; இது வேறு. வைட்டமின் டியும் அப்படித்தான். டாக்டர் பரிசோதித்துக் குறை என்று சொன்னால், எலும்புக்காகவும் தசைக்காகவும் அவர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

அளவு மிகவும் முக்கியம். பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை சுமார் 600 யூனிட். கடைகளில் கிடைக்கும் ஒரு கேப்ஸ்யூல் அல்லது ஒரு பொட்டலப் பொடியில் 60,000 யூனிட் இருக்கிறது. அதாவது ஒரே பொட்டலத்தில் 100 நாள் தேவை. இதை வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும் சாப்பிடுமாறு டாக்டர்கள் எழுதுகிறார்கள். அதைத் தினமும் சாப்பிடுவதும், சீட்டு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து. இந்த வைட்டமின் சிறுநீரில் எளிதாகக் கழிந்துவிடாது. உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும். மிதமிஞ்சினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறுகிறது. வாந்தி, அதிகத் தாகம், மலச்சிக்கல் உண்டாகும். சிறுநீரகத்தில் கல் விழுவதும், சிறுநீரகமே பழுதாவதும் உண்டு.

சுண்ணாம்புச் சத்துக்குப் பால், மோர், முருங்கைக்கீரை, கேழ்வரகு போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கேழ்வரகை விளைவித்து மூட்டையோடு விற்றுவிட்டு, சுண்ணாம்புச் சத்தை மாத்திரையாக வாங்குவது என்ன கணக்கு?

பாரத்தைக் குறைக்கும் வழிகள்

முழங்காலைக் கெடுப்பதில் வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் முதியவர்களைப் பரிசோதித்து 2004-ம் ஆண்டில் வெளியான ஆய்வில், இளவயதில் நாளுக்கு 3 மணி நேரமும் அதற்கு மேலும் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் மற்றவர்களைவிடச் சுமார் 2 மடங்கு காணப்பட்டது. கடலைக் காட்டில் குந்தியபடியே களை வெட்டும் பெண் ஒரே நாளில் எத்தனை மணி நேரம் அப்படி இருக்கிறாள் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

ஆகவே முதல் மருந்து வேலைக் கருவிதான். வரிசை நடவு செய்த நெல்லில் உருளும் களைக்கருவியையோ கோனோ வீடரையோ நின்றபடியே தள்ளலாம். மானாவாரிக் காட்டுக்கு நீண்ட பிடி போட்ட களைக்கொத்து இருக்கிறது. உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்றால் குந்துவதற்குப் பதில் சிறு முக்காலியில் உட்கார வேண்டும். பால் கறக்கவும் அதுவே உதவும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். தலைச்சுமையாக எருவையும் உரத்தையும் வரப்பில் சுமப்பதற்குப் பதில், இடம் உள்ளவரை தள்ளுவண்டியைப் பயன்படுத்தலாம். வலி முற்றியவர்களுக்கு வீட்டுக் கழிப்பறையில் உட்காரும் வசதி பெரிய உதவி. ஊன்றுகோல் பிடிப்பவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது மருந்து தொடைத் தசை. நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, ஒரு காலை முன்னால் நேராக நீட்டி, தொடையை இறுக்கி, 5 எண்ணும் வரை நிறுத்திப் பிறகு மெல்லக் கீழே விட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையிலும் மாலையிலும் செய்யலாம். வயலில் நாளெல்லாம் உழைக்கும் உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். குந்துவதும் குனிவதும் மூட்டை அழுத்துகின்றன. இந்தப் பயிற்சி மூட்டைத் தாங்கும் தசையை வளர்க்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முழங்கால் நோய்க்குப் பயிற்சி உதவும் என்பதற்கு, மாத்திரைகளுக்கு இல்லாத நிரூபணம் நிறைய உண்டு.

மூன்றாவது எடை. உழைத்து மெலிந்த உடம்புக்காரர்களுக்கு இது பொருந்தாது. எடை கூடியவர்களுக்கு மிகவும் பொருந்தும். ஃபிரேமிங்ஹாம் ஊரில், 10 ஆண்டு காலத்தில் சுமார் 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு முழங்கால் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததை 1992-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் 4 கிலோ பாரம் குறைகிறது என்று அமெரிக்காவின் வட கரோலினாவில் அளந்து 2005-ம் ஆண்டில் கண்டார்கள்.

வலி பொறுக்க முடியாத நாள்களில் மருந்து வேண்டியிருக்கும். மேலே தடவும் மருந்தை முதலில் பார்க்கலாம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்குவது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பவர்களுக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மூட்டில் அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் சரியல்ல. 140 பேருக்கு 3 மாதத்துக்கு ஒன்று வீதம் 2 ஆண்டுகள் இந்த ஊசியையும் வெறும் உப்புநீர் ஊசியையும் போட்டுப் பார்த்த முடிவு 2017-ம் ஆண்டில் வந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகக் கரைந்தது. வலி மற்றவர்களைவிடக் குறையவும் இல்லை. முழங்கால் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலும், காய்ச்சலோடு வலித்தாலும், கால் ஊன்ற முடியாமல் போனாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியவை

விவசாயியின் மேல் மட்டும் பொறுப்பைப் போட்டுவிட முடியாது. பண்ணைக் கருவிகளுக்கு அரசு மானியம் என்றால் டிராக்டரும் பவர் டில்லரும்தான் பேச்சில் அடிபடுகின்றன. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கும், கூலிக்குக் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கும் உடனே தேவைப்படுவது நின்று வேலை செய்யும் கைக்கருவி. பெண்களின் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்றபடி அதைச் செய்து, கூட்டுறவுச் சங்கம் மூலம் வாடகைக்கு விட்டாலும் போதும். களைக்கொத்தின் பிடி நீளமாக இருந்தால் வேலை ஓடாது என்று சொல்லும் நில உரிமையாளர்களும் மனம் மாற வேண்டும். முழங்கால் கெட்ட பிறகு எந்த வேலையும் ஓடாது.

2021-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. படுக்கையில் கிடப்பவர்களோடு நில்லாமல், முழங்கால் வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் பயிற்சி சொல்லிக் கொடுக்க இது போன்ற ஏற்பாடுகள் விரிய வேண்டும். 60,000 யூனிட் பொட்டலத்தைச் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டோம் என்று மருந்துக் கடைக்காரர்கள் உறுதி எடுத்துக்கொண்டால் பெரிய புண்ணியம். உழவர் மன்றங்கள் பூச்சி மருந்துக்குக் கூட்டம் போடுவது போல, ஆண்டுக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரை அழைத்து மூட்டுவலிக்கும் ஒரு கூட்டம் போடலாம்.

அடுத்த முறை மருந்துக் கடையில் மூட்டுக்கு என்று ஒரு டப்பாவை நீட்டினால், விவசாயி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தமக்கு இந்தச் சத்து குறைந்திருப்பதாகப் பரிசோதித்து யார் சொன்னது? எத்தனை நாளைக்கு, எந்த அளவில் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடலாம். அந்தப் பணத்தில், வீட்டில் களையெடுக்கப் போகிறவருக்கு நீண்ட பிடி போட்ட ஒரு களைக்கொத்தும் ஒரு முக்காலியும் வாங்கலாம். முழங்காலுக்கு அது செய்யும் உதவியை அந்த டப்பா செய்யாது.